காசு வாங்காத வக்கீல்: இலவச சட்ட உதவியைப் பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். வக்கீல் ஃபீஸ் இல்லை, கோர்ட் ஃபீஸ் இல்லை, நோட்டீஸ் அனுப்பும் செலவு இல்லை. இவ்வளவையும் சொன்ன பிறகு எங்கள் பக்கத்து ஆட்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "காசு வாங்காத வக்கீல் நமக்காகப் பேசுவாரா, எதிர்க்கட்சிக்காரனுக்காகப் பேசுவாரா?" நியாயமான சந்தேகம். எனக்கும் அது இருந்தது.

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கோர்ட்டுக்கு எதிரில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். எந்தக் கோர்ட் என்று கேட்காதீர்கள், நாளைக்கும் நான் அங்கேதான் கடையைத் திறக்க வேண்டும். வக்காலத்து ஃபாரம் வாங்குகிறவர்கள், வாய்தா முடிந்து வயிறெரிந்து வருகிறவர்கள், குமாஸ்தாக்கள் எல்லாரும் என் கடை வாசலில்தான் நின்று பேசுவார்கள். இலவச வக்கீலிடம் போகிறவர்களும் என்னிடம்தான் ஜெராக்ஸ் எடுக்கிறார்கள் என்பதால் எனக்கும் இதில் ஒரு சின்ன வரும்படி உண்டு. அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

விஷயம் என் தங்கச்சி வீட்டுக்காரருடையது. கொத்தனார். தர்மபுரி, பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து ஆண்களில் நிறையப் பேரைப் போல அவரும் பெங்களூரில்தான் வேலை செய்தார். திங்கள் விடியற்காலை ரயிலேறினால் சனிக்கிழமை ராத்திரிதான் வீடு. அத்திப்பள்ளி தாண்டி ரோட்டோரம் நடந்துபோனவரை ஒரு மினி லாரி அடித்துப் போட்டது. வலது கால், முட்டிக்கு மேலே இரண்டு இடத்தில் முறிவு. பிளேட் வைத்தார்கள். உயிர் பிழைத்தார், ஆனால் சாரத்தில் ஏற முடியாது, குத்துக்காலிட்டு உட்கார முடியாது. கொத்தனாருக்கு அதற்கு மேல் என்ன மிச்சம்?

கட்டுப் பிரிப்பதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்கு ஓர் ஆள் வந்துவிட்டார். வாழைப்பழச் சீப்பு ஒன்றும் கொண்டுவந்தார். "அக்கா, கேஸை நாங்க பாத்துக்கறோம். நீங்க ஒரு ரூபா செலவு பண்ண வேணாம். வர்ற பணத்துல நூத்துக்கு முப்பது மட்டும் குடுத்துடுங்க." கையெழுத்து வாங்க எழுதாத பச்சைத் தாள்கள் சிலவற்றையும் எடுத்து நீட்டினார். பார் கவுன்சில் விதிப்படி, கேஸில் ஜெயித்து வரும் பணத்தில் பங்கு என்று வக்கீல் பேசவே கூடாது. எங்கள் பக்கம் விபத்துக் கேஸ் என்றாலே பங்குப் பேச்சுத்தான். என் தங்கச்சி புளி உடைக்கும் வேலைக்குப் போகிறவள், படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பழத்தை வாங்கிக்கொண்டாள்.

அப்புறம்தான் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். இலவச வக்கீலைப் போட்டுக் கொடுப்பது அதுதான். மாவட்டத்துக்கு ஒன்று இருக்கும். தாலுகா அளவில் வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கும். இரண்டுமே கோர்ட் வளாகத்தை ஒட்டித்தான் இருக்கும், வழி தெரியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. இதற்கான சட்டம் 1987-ல் போட்டது. நடைமுறைக்கு வந்தது 1995 நவம்பர் 9-ல். யாருக்குக் கிடைக்கும் என்பதில்தான் பலருக்கும் குழப்பம். "பரம ஏழைக்கு மட்டும்" என்று நினைத்துக்கொண்டு வராமல் இருக்கிறார்கள். பெண்ணாக இருந்தால் போதும், வருமானம் எவ்வளவு என்று கேட்கவே கூடாது. குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், ஆள் கடத்தலுக்கோ கட்டாய வேலைக்கோ ஆளானவர்கள், வெள்ளம் வறட்சியில் அடிபட்டவர்கள், போலீஸ் காவலிலோ ஜெயிலிலோ இருப்பவர்கள், இவர்களுக்கும் அப்படியே. இதில் எதிலும் வராத ஆண்களுக்குத்தான் வருமான வரம்பு.

எங்கள் ஆள் அந்தக் கடைசி வகையில் போய் விழுந்தார். மாற்றுத்திறனாளிச் சான்று இன்னும் வாங்கியிருக்கவில்லை. கவுண்ட்டரில் இருந்தவர், தாசில்தார் கையெழுத்துப் போட்ட வருமானச் சான்றிதழ் இல்லாமல் மனுவைத் தொடமாட்டேன் என்றார். சட்டத்தின் 13-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், வருமானத்தைப் பற்றி மனுதாரர் கொடுக்கும் பிரமாணப் பத்திரமே போதும், அதை நம்பாமலிருக்கக் காரணம் இருந்தால் ஒழிய. நான் அந்தப் பிரிவைப் பிரிண்ட் எடுத்து, மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டு, மனுவோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தேன். உள்ளே போய்விட்டது. கடை வைத்திருப்பதால் எனக்கு இது முடிந்தது. சித்தேரி மலையிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர் அந்தக் கவுண்ட்டரோடு திரும்பிவிடுவார். கவுண்ட்டரில் உட்கார வைக்கிற ஆளுக்கு ஆணைக்குழு சட்டத்தையே சொல்லிக்கொடுத்துவிட்டு உட்கார வைத்தால் நல்லது. இதற்கு நான் மார்க் குறைக்கிறேன்.

முதலில் போட்டுக் கொடுத்த வக்கீலைப் பற்றி நிறைய எழுத வேண்டியதில்லை. அனுபவசாலி, சொந்தக் கேஸ்கள் ஏராளம், போனை எடுக்கமாட்டார். அவர் கூட இருந்த ஒருவர் "செலவுக்கு" என்று தலையைச் சொறிந்தார். இதில் ஆபத்து என்னவென்றால், மோட்டார் விபத்துக் கேஸுக்குக் கெடு இருக்கிறது. 2019-ல் சட்டத்தைத் திருத்தி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். 2022 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அந்தக் கெடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போயிருக்கிறது, உண்மைதான். அதை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். நாள் போய்க்கொண்டே இருந்தது.

வக்கீலை மாற்றக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. சண்டை போட வேண்டியதில்லை. இன்ன தேதியில் இன்ன வக்கீலை நியமித்தீர்கள், இதுவரை மனு தாக்கல் ஆகவில்லை, கெடு இன்ன தேதியில் முடிகிறது என்று ஒரு பக்கம் எழுதி ஆணைக்குழுவிலேயே கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டாள் என் தங்கச்சி. ஒரு வாரத்துக்குள் வேறு வக்கீல் வந்தார். இதற்கு முழு மார்க்.

வந்தவர் அரூர் பக்கத்துப் பெண். வக்கீலாகிக் கொஞ்ச வருடம்தான் ஆகியிருக்கும், என் கடையில் எழுபது பைசாவுக்கு ஜெராக்ஸ் போடச் சொல்லிப் பேரம் பேசுகிற ரகம். அவரைப் பார்த்ததும் எங்கள் வீட்டில் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. முதல் நாளே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கினார். விபத்து கர்நாடகாவில் நடந்ததால் ஆனேக்கல் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும் என்றுதான் எல்லாரும் சொல்லியிருந்தார்கள். அப்படி இல்லை, பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. பெங்களூருக்கு வேலைக்குப் போகிற ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

எஃப்.ஐ.ஆர். கன்னடத்தில் இருந்தது. மொழிபெயர்ப்புச் செலவும் இலவச சட்ட உதவியில் அடங்கும், சான்றிட்ட நகல் வாங்கும் செலவும் அப்படியே. ஆனால் கேட்டு, எழுதி, பில் போய், பணம் வருவதற்குள் கெடு முடிந்துவிடும் என்பதால் ஓசூரில் ஒருவரிடம் கைக்காசு கொடுத்துத்தான் செய்தோம். "இலவசம்" என்பதில் இப்படிச் சில ஓட்டைகள் உண்டு.

அந்த வக்கீல் போட்ட கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தெரியாமல்தான் எங்கள் ஊரில் ஆட்கள் இரண்டு லட்சம் மூன்று லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். என் கடை சிட்டையின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். வயது 37. மாத வருமானம் 12,000 என்று வைத்தால் வருடத்துக்கு 1,44,000. நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர் நாளைக்கு இன்னும் கூடுதலாகச் சம்பாதித்திருப்பார் என்று 40 சதவீதம் சேர்க்க வேண்டும், 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆச்சு 2,01,600. அந்த வயதுக்குப் பெருக்க வேண்டிய எண் 15, அது 2009 தீர்ப்பில் உள்ள அட்டவணை. பெருக்கினால் 30,24,000. இதில் எத்தனை சதவீதம் ஊனமோ அத்தனை சதவீதம் கிடைக்கும்.

அந்தச் சதவீதத்தில்தான் சூட்சுமம். மெடிக்கல் போர்டு காலுக்கு 40 என்று எழுதியது. அப்படியே எடுத்தால் 12,09,600. ஆனால் கால் எத்தனை சதவீதம் போச்சு என்பதைப் பார்க்காதே, பிழைப்பு எத்தனை சதவீதம் போச்சு என்பதைப் பார் என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மேஜையில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு அந்தக் கால் பெரிய இழப்பாக இல்லாமல் போகலாம். கொத்தனாருக்கு அப்படியா? "அக்கா, சாரத்துல ஏற முடியாத கொத்தனாருக்கு நாப்பதுன்னு நான் ஒத்துக்கவே மாட்டேன், அறுபது கேப்பேன்" என்றார். அதோடு நிற்கவில்லை. மேஸ்திரியைச் சாட்சி சொல்ல வரவைத்தார். அவர் பெங்களூரில் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து, கொத்தனார் வேலை என்றால் என்னென்ன செய்ய வேண்டும் என்று நீதிபதிக்கு விளக்கிச் சொன்னார். முப்பது சதவீதம் கேட்ட ஆளுடைய வக்கீல் இதைச் செய்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. பொதுவாக அவர்கள் சீக்கிரம் முடித்துப் பங்கை எடுத்துக்கொண்டு அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

நடுவில் மக்கள் நீதிமன்றம் வந்தது, இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துச் சமரசமாக முடிக்கும் லோக் அதாலத். சனிக்கிழமை, கோர்ட் வளாகம் முழுக்கப் பந்தல், தண்ணீர் பாக்கெட், கூட்டம். எனக்கு வியாபாரம் கொழிக்கும் நாள். இன்சூரன்ஸ்காரர்கள் அவர்களுடைய கணக்கோடு வந்தார்கள். வருமானம் 9,000, எதிர்காலத்துக்கு ஒன்றும் சேர்க்கவில்லை, ஊனம் 25 சதவீதம். 4,05,000 வந்தது. அதோடு ஆஸ்பத்திரிச் செலவைச் சேர்த்து, "மொத்தமா அஞ்சு லட்சம், இன்னைக்கே முடிச்சுக்கலாம்" என்றார்கள்.

மக்கள் நீதிமன்றம் கெட்டது என்று சொல்லவில்லை. செக் கேஸ், பேங்க் கடன், பாகப்பிரிவினைத் தகராறு என்று எத்தனையோ பேர் அங்கே ஒரே நாளில் முடித்துக்கொண்டு சிரித்தபடி போவதைப் பார்க்கிறேன். கட்டிய கோர்ட் ஃபீஸும் திரும்பக் கிடைக்கும். ஆனால் உள்ளே போகும் முன் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை, இரண்டு பக்கமும் சம்மதித்தால்தான் உண்டு. வேண்டாம் என்றால் கேஸ் பழைய கோர்ட்டுக்கே திரும்பும், நஷ்டம் ஒன்றுமில்லை. இன்னொன்று, கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்பீல் கிடையாது.

என் தங்கச்சிக்கு அன்றைக்கு நகைக்கடன் ஏலத்துக்கு வந்திருந்தது, பெரியவனுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது. ஐந்து லட்சம் என்றதும் அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். யாருக்கு அவசரமோ அவருக்குத்தான் அங்கே விலை குறையும். இன்சூரன்ஸ்காரருக்கு என்ன அவசரம்? சுற்றி நின்றவர்கள் எல்லாரும், கோர்ட் ஊழியர்கள் உள்பட, "வாங்கிக்கம்மா, இல்லாட்டி வருஷக்கணக்கா இழுக்கும்" என்றுதான் சொன்னார்கள். நல்ல எண்ணத்தில்தான். அந்த வக்கீல் மட்டும் அவளைத் தனியே கூட்டிப்போய், வேப்பமரத்தடியில் அந்தச் சிட்டைத் தாளை எடுத்து மறுபடி கணக்கைக் காட்டி, "உங்க இஷ்டம்க்கா, ஆனா இது பாதி கூட இல்ல" என்றார். முடித்துவிட்டிருந்தால் அவருக்கும் ஒரு கேஸ் குறைந்திருக்கும். ஆணைக்குழு கொடுக்கும் சம்பாவனை ஒன்றும் பெரிய தொகை இல்லை. தங்கச்சி வேண்டாம் என்றாள். நகைக்கு நான் வட்டி கட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வாய்தா. வாய்தாவைப் பற்றிப் புதிதாக எழுத என்ன இருக்கிறது? இன்சூரன்ஸ் வக்கீல் வரவில்லை, நீதிபதி லீவு, டாக்டர் சாட்சிக்கு வரவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் புளி உடைக்கிற கூலி போச்சு, பஸ் காசு போச்சு, நொண்டிக் கால்காரரைக் கூட்டி வர ஆட்டோ. வக்கீலை இலவசமாகக் கொடுத்துவிட்டு இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாததுதான் இந்த ஏற்பாட்டில் பெரிய குறை என்பேன். சாட்சிச் செலவுக்குக் கொடுக்க வழியிருக்கிறது, வழக்காடுகிறவரின் கூலிக்கு இல்லை. ஏழைக்குக் கேஸில் ஆகும் செலவில் பெரிய பங்கு அதுதானே.

முடிவில் விபத்துக் கேஸை விசாரித்த தீர்ப்பாயம் வருமானத்தை 12,000 என்றே ஏற்றது. பிழைப்பு இழப்பு 50 சதவீதம் என்றது. 15,12,000, அதோடு ஆஸ்பத்திரிச் செலவு, வலி வேதனைக்கு என்று சேர்த்து 17 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே, வட்டி ஏழரை சதவீதம். தங்கச்சி காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு கூடை மாம்பழம் வாங்கிக்கொண்டு வக்கீலைப் பார்க்கப் போனாள். கட்சிக்காரரிடம் எந்த ரூபத்திலும் எதையும் வாங்கக் கூடாது என்று எங்களுக்கு விதி இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். கூடை என் கடைக்கு வந்தது. வாசனைக்குக் குமாஸ்தாக்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள்.

எல்லாக் கேஸுக்கும் இது சரிவருமா என்று கேட்டால், இல்லை. எதிரில் இருப்பது இன்சூரன்ஸ் கம்பெனி, புருஷன், கடன் கொடுத்தவன், பங்காளி என்றால் தாராளமாகப் போங்கள். ஜீவனாம்சம் கேட்கும் பெண்கள் தனி வக்கீலுக்கு வளையலை விற்றுக் கொடுப்பதைப் பார்க்கையில் எனக்கு ஆத்திரமாக வரும், அவர்களுக்கு ஒரு பைசா செலவில்லாமல் கிடைக்க வேண்டியது அது. கிரிமினல் கேஸில் பிடித்துக்கொண்டு போனால் முதல் நாளே மாஜிஸ்திரேட்டிடம் "எனக்கு வக்கீல் இல்லை, வேண்டும்" என்று சொன்னால் போதும். 2022-லிருந்து அதற்கென்றே முழுநேர வக்கீல்களை நியமிக்கும் ஏற்பாடும் வந்திருக்கிறது.

எதிரில் அரசாங்கமே நின்றால் கதை வேறு. எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு வாச்சாத்தியை விளக்க வேண்டியதில்லை. 1992 ஜூன் 20-ல் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை சேர்ந்து அந்தக் கிராமத்து மலையாளிப் பழங்குடி மக்களை என்ன செய்தார்கள் என்பது தெரியும். பதினெட்டுப் பெண்கள் சீரழிக்கப்பட்டார்கள். அடிபட்ட ஜனங்கள்தான் சந்தன மரக் கடத்தல் என்று ஜெயிலுக்குப் போனார்கள். மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடாமல் நின்று, 1995-ல் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.க்கு மாற்றி, 269 பேர் மேல் குற்றச்சாட்டுப் பதிந்து, தர்மபுரி கோர்ட் 2011 செப்டம்பர் 29-ல்தான் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் 54 பேர் செத்தே போய்விட்டார்கள், மிச்சம் 215 பேருக்குத் தண்டனை. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ய 2023 செப்டம்பர் வரை ஆனது. ஆணைக்குழு தன் வக்கீல் பட்டியலில் இருந்து போட்டுக் கொடுக்கும் ஒற்றை வக்கீல் தூக்கக்கூடிய பாரமா அது? அப்படிப்பட்ட விஷயத்தில் வக்கீலுக்கு முன்னால் சங்கத்தைத் தேடுங்கள்.

நட்சத்திரம் கொடுக்கச் சொன்னால் அந்தப் பெண் வக்கீலுக்கு ஐந்துக்கு ஐந்து, வக்கீலை மாற்றிக் கொடுத்த வேகத்துக்கு ஐந்து, கவுண்ட்டருக்கு இரண்டு. எந்த வக்கீல் வாய்ப்பார் என்பது உங்கள் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்பதால் மொத்தத்தில் மூன்றரை. போகிறவர்கள் ஆதார், ரேஷன் கார்டு, கேஸ் சம்பந்தப்பட்ட எல்லாத் தாளும் இரண்டு செட் நகல் கொண்டுபோங்கள். கொடுக்கும் ஒவ்வொரு மனுவின் நகலிலும் சீலும் தேதியும் வாங்குங்கள், எனக்கு நேரமில்லை என்று யார் சொன்னாலும் சீல் வாங்காமல் நகராதீர்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்தில் அப்பீல் போட்டிருக்கிறது. அங்கே தனியாக ஒரு சட்டப்பணிகள் குழு இருக்கிறது, சென்னைக்குப் போகாமல் இங்கிருந்தே மாவட்ட ஆணைக்குழு வழியாக விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்துவிட்டோம், பிரமாணப் பத்திரத்தோடு, 13-ஆம் பிரிவையும் பின் அடித்து. சென்னை வக்கீல் எப்படி என்பது தெரிந்ததும் இதன் கீழேயே எழுதுகிறேன்.